பழைய மோட்டார் காற்றில் மின்சாரம் தருமா?

பழுதாகி மூலையில் கிடக்கும் மேசை மின்விசிறி ஏதேனும் உங்கள் வீட்டில் இருந்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். செருகியைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டு, மோட்டாரிலிருந்து வரும் இரண்டு கம்பிகளையும் ஒரு சிறிய டார்ச் பல்பில் இணையுங்கள். பிறகு இறக்கையைக் கையால் எவ்வளவு வேகமாகச் சுழற்ற முடியுமோ அவ்வளவு வேகமாகச் சுழற்றுங்கள். பல்பு எரியாது. பள்ளி நாட்களில் நானும் இப்படிச் சுழற்றிச் சுழற்றிக் கை வலித்து ஏமாந்தவன்தான். மின்சாரத்தைக் கொடுத்தால் மோட்டார் சுழல்கிறது. ஆகவே மோட்டாரைச் சுழற்றினால் மின்சாரம் வரவேண்டும் என்பது என் கணக்கு.

இப்போது அதே சோதனையைப் பொம்மைக் காரிலிருந்து எடுத்த சிறு மோட்டாரில் செய்யுங்கள். பல்புக்குப் பதிலாக ஒரு சிவப்பு எல்.இ.டி. விளக்கை இணைத்து, மோட்டாரின் அச்சில் நூலைச் சுற்றி விசுக்கென்று இழுங்கள். விளக்கு மின்னி மறையும். (மின்னாவிட்டால் கம்பிகளை மாற்றி இணையுங்கள். எல்.இ.டி. ஒரு திசையில் வரும் மின்னோட்டத்தைத்தான் ஏற்கும்.) ஆக, என் கணக்கில் பிழை இல்லை. பெரிய மோட்டார் தராததைச் சிறிய மோட்டார் தந்ததற்கு வேறு காரணம் இருக்கிறது.

இந்தக் காரணத்தைத் தெரிந்துகொள்ளாமல், பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கிய மோட்டாரைக் கம்பத்தில் ஏற்றி, இறக்கை செதுக்கி, வால் பொருத்தி, கடைசியில் ஒரு விளக்குக்கூட எரியாமல் இறக்கி வைத்தவர்கள் உண்டு. உழைப்பும் பணமும் வீணாவதோடு, உயரத்தில் கட்டுப்பாடின்றிச் சுழலும் இறக்கை ஆளுக்கே ஆபத்தாகவும் முடியலாம். ஆகவே கம்பம் நடுவதற்கு முன்னால், கையிலிருக்கும் மோட்டார் இதற்கு ஏற்றதுதானா என்று கண்டுகொள்ளும் வழியைப் பார்ப்போம்.

காந்தம் எங்கே இருக்கிறது?

கம்பிச் சுருளின் அருகே காந்தத்தை அசைத்தால் சுருளில் மின்னோட்டம் பிறக்கிறது என்பதை மைக்கேல் பாரடே 1831ஆம் ஆண்டில் கண்டார். உலகிலுள்ள டைனமோக்கள் அனைத்தும் இந்த ஒரு கண்டுபிடிப்பின் பிள்ளைகளே. டைனமோவும் மோட்டாரும் ஒரே இயந்திரத்தின் இரு முகங்கள் என்பது நடைமுறையில் விளங்க மேலும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1873ஆம் ஆண்டு வியன்னா நகரில் நடந்த பொருட்காட்சியில் கிராம் என்பவர் வடிவமைத்த டைனமோக்கள் வைக்கப்பட்டிருந்தன. ஓடாமல் நின்றிருந்த ஒரு டைனமோவின் கம்பிகளை, ஓடிக்கொண்டிருந்த மற்றொன்றின் கம்பிகளோடு இணைத்தபோது, நின்றிருந்தது தானே சுழலத் தொடங்கியது. தவறுதலாக இணைத்ததால் நேர்ந்தது என்றே சொல்லப்பட்டு வருகிறது. தவறாகவே இருக்கட்டும், எத்தனை பயனுள்ள தவறு!

பாரடேயின் சோதனையில் சுருள் மட்டும் போதாது, காந்தமும் வேண்டும். பொம்மை மோட்டாரின் உறைக்குள் இரண்டு வளைந்த நிலைக்காந்தங்கள் ஒட்டப்பட்டிருக்கும். மேசை விசிறியின் மோட்டாரில் நிலைக்காந்தம் கிடையாது. அது தூண்டல் மோட்டார் என்னும் வகையைச் சேர்ந்தது. வெளியிலுள்ள சுருளில் மின்சாரம் பாயும்போதுதான் அதற்குள் காந்தப்புலம் உண்டாகிறது. அந்தப் புலம் உள்ளே இருக்கும் சுழலியில் மின்னோட்டத்தைத் தூண்டிச் சுழற்றுகிறது. மின்சாரம் நின்றதும் காந்தமும் மறைந்துவிடும். அதைக் கையால் சுற்றுவது காந்தமில்லாத இரும்பைச் சுற்றுவதுதான். தண்ணீர் இறைக்கும் பம்பு, மாவரைக்கும் கிரைண்டர், பழைய வகைக் கூரை விசிறி ஆகியவற்றில் இருப்பவையும் பெரும்பாலும் இந்த வகையே.

மிக்சியிலும் துளையிடும் கருவியிலும் வேறொரு வகை மோட்டார் இருக்கிறது. கரித்துண்டுகள் உரசி ஓடும் அந்த மோட்டாரிலும் நிலைக்காந்தம் இல்லை. மேலும், அது நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று ஓடுவதற்காகவே செய்யப்பட்டது. காற்றாலைக்கு அதை நினைக்கவே வேண்டாம்.

தூண்டல் மோட்டாரில் மின்சாரம் எடுக்கவே முடியாது என்று சொல்லிவிட்டால் அது பொய்யாகும். ஏற்கெனவே மின்சாரம் பாயும் பொது மின்கம்பியோடு அதை இணைத்து, அதன் இயல்பான வேகத்தைவிடச் சற்றே கூடுதலாகச் சுழற்றினால், காந்தமாக்கும் மின்னோட்டத்தைக் கம்பியிலிருந்து வாங்கிக்கொண்டு ஆற்றலைக் கம்பிக்குத் திருப்பித் தரும். டென்மார்க்கில் கெட்சர் என்னுமிடத்தில் யோகானஸ் யூல் 1957இல் நிறுவிய 200 கிலோவாட் காற்றாலை இப்படித்தான் இயங்கியது. 24 மீட்டர் விட்டமுள்ள அதன் மூன்று இறக்கைகள் சுமார் பத்தாண்டுகள் உழைத்தன. முப்பந்தலிலும் ஆரல்வாய்மொழியிலும் தொடக்கக் காலத்தில் எழுந்த காற்றாலைகளில் பலவும் அந்த வழி வந்தவையே. பொது மின்சாரம் நின்றுபோனால், எவ்வளவு காற்று வீசினாலும் இவை மின்சாரம் தருவதில்லை. மின்கம்பி எட்டாத இடத்தில் தனியாக ஒரு வீட்டுக்கு விளக்கேற்ற நினைப்பவருக்கு இது உதவாது. மின்தேக்கிகளை இணைத்துத் தூண்டல் மோட்டாரைத் தனியாகவும் மின்னியற்றியாக்கலாம். ஆனால் வேகமும் சுமையும் ஒரே சீராக இருந்தால்தான் அது நிலைக்கும். காற்றிடம் போய்ச் சீரை எதிர்பார்க்கலாமா?

ஆகவே முதல் சோதனை இதுதான். மோட்டாரின் கம்பி முனைகளை ஒன்றோடொன்று சேர்த்து முறுக்கிவிட்டு, அச்சைக் கையால் சுற்றிப் பாருங்கள். உள்ளே நிலைக்காந்தம் இருந்தால், தேன் குடத்தில் கரண்டியைச் சுழற்றுவதுபோல் கனமாக இருக்கும். முனைகளைப் பிரித்துவிட்டுச் சுற்றினால் இலேசாகிவிடும். நீங்கள் சுற்றுவதால் பிறக்கும் மின்னோட்டமே எதிர்த்து நின்று உங்கள் கையைத் தடுக்கிறது. இரண்டு முறையும் ஒரே மாதிரி இலேசாகச் சுழன்றால் அந்த மோட்டாரை அங்கேயே வைத்துவிடுங்கள்.

காற்றின் கணக்கு

காந்தம் இருக்கிறது என்று கண்டாயிற்று. அடுத்த கேள்வி வேகம். இதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். ஆகவே சிறிது கணக்குப் போடுவோம். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 2 மீட்டர் உள்ள மூன்று இறக்கைச் சக்கரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது சுழலும்போது வளைத்துக்கொள்ளும் வட்டத்தின் பரப்பு 3.14 சதுர மீட்டர். ஒரு கனமீட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.2 கிலோகிராம். காற்று நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில், வீசுகிறது என்க. இலைகளும் சிறு கிளைகளும் ஓயாமல் அசையும் இதமான காற்று இது. பரப்பை வேகத்தின் முப்படியால் (5 × 5 × 5 = 125) பெருக்கி, அதைக் காற்றின் அடர்த்தியால் பெருக்கிப் பாதியாக்கினால், அந்த வட்டத்துக்குள் புகும் காற்றின் ஆற்றல் கிடைக்கும். அது சுமார் 235 வாட்.

இவ்வளவையும் நாம் எடுத்துக்கொள்ள முடியாது. முழுவதையும் எடுத்தால் காற்று இறக்கைக்குப் பின்னே அப்படியே நின்றுவிடும். பின்னால் வரும் காற்றுக்கு வழி ஏது? எந்தக் காற்றாலையும் 59.3 விழுக்காட்டுக்கு மேல் எடுக்க இயலாது என்று ஆல்பர்ட் பெட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் நிறுவினார். வீட்டில் செதுக்கிய மர இறக்கை கால் பங்கு எடுத்தாலே நல்ல வேலைப்பாடு. மின்னியற்றியிலும் கம்பியிலும் போகும் இழப்பைக் கழித்தால், நம் கைக்கு வருவது 40 முதல் 50 வாட்.

இறக்கை எத்தனை சுற்றுச் சுழலும்? நன்றாகச் செதுக்கிய மூன்று இறக்கைச் சக்கரத்தில், இறக்கையின் நுனி காற்றைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு வேகத்தில் செல்லும். அதாவது நொடிக்கு 25 மீட்டர். நுனி ஒருமுறை சுற்றிவரக் கடக்கும் தூரம் 6.28 மீட்டர். வகுத்தால் நொடிக்கு 4 சுற்று, நிமிடத்துக்கு 240 சுற்று.

இந்த 240 என்ற எண்ணை மறக்காதீர்கள். இதமான காற்றில் உங்கள் மோட்டாருக்குக் கிடைக்கப்போகும் வேகம் இவ்வளவுதான். நொடிக்கு 3 மீட்டர் வீசும் மென்காற்றில் அது 150க்கும் கீழே இறங்கிவிடும்.

12 வோல்ட் பாட்டரியில் மின்சாரம் ஏறவேண்டுமானால், பாட்டரியின் அழுத்தத்தையும் இடையிலுள்ள டயோடுகளின் இழப்பையும் சேர்த்துச் சுமார் 14 வோல்ட்டாவது மோட்டார் தரவேண்டும். அதற்குக் கீழே ஒரு துளியும் ஏறாது. தொட்டியின் விளிம்புக்குக் கீழே இருக்கும் குழாயிலிருந்து தொட்டிக்குள் தண்ணீர் விழுமா?

இப்போது, வேலை செய்யும் என்று பலர் நம்பி வாங்கும் டிரெட்மில் மோட்டாரைப் பார்ப்போம். அதில் நல்ல நிலைக்காந்தங்கள் உண்டு. முறுக்கிய கம்பிச் சோதனையில் கையைப் பிடித்து நிறுத்தும். ஆனால் பெயர்த் தகட்டில் 130 வோல்ட், 6500 சுற்று என்று இருந்தால், ஒரு வோல்ட்டுக்கு 50 சுற்று வேண்டும் என்று பொருள். 240 சுற்றில் கிடைப்பது 5 வோல்ட்டுக்கும் குறைவு. 14 வோல்ட்டுக்கு 700 சுற்று வேண்டும். இதமான காற்றில் 700 சுற்று வேண்டுமானால் இறக்கைச் சக்கரத்தைச் சுமார் 70 சென்டிமீட்டராகக் குறுக்கவேண்டும். குறுக்கினால் பரப்பும் சுருங்குகிறது. காற்றிலிருந்து கிடைப்பது ஆறு, ஏழு வாட். காந்தம் இருந்தும் கணக்கு இடிக்கிறது.

காரிலிருந்து கழற்றிய ஆல்டர்னேட்டரும் இதே கதைதான். நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றாவது வேண்டும். அதற்குமேல், தன் காந்தத்தை உண்டாக்கப் பாட்டரியிலிருந்து ஓயாமல் மின்சாரம் குடிக்கும்.

பல்சக்கரமோ பெல்ட்டோ வைத்து வேகத்தைக் கூட்டலாமே என்று கேட்பீர்கள். கூட்டலாம். ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டின் கசுங்கு மாவட்டத்தைச் சேர்ந்த வில்லியம் கம்குவாம்பா 2002இல் அப்படித்தான் செய்தார். பஞ்சக் காலத்தில் பள்ளிக் கட்டணம் கட்ட முடியாமல் வீட்டில் இருந்த சிறுவன், ஊர் நூலகத்துப் புத்தகம் ஒன்றில் காற்றாலைப் படத்தைக் கண்டான். டிராக்டர் விசிறியில் பிளாஸ்டிக் குழாயை உருக்கித் தட்டிய இறக்கைகளைப் பொருத்தி, அதனால் ஓர் உடைந்த சைக்கிளின் சங்கிலிச் சக்கரத்தைச் சுழற்றினான். சங்கிலி பின்சக்கரத்தைச் சுழற்றியது. பின்சக்கரத்தின் டயர் சைக்கிள் டைனமோவின் சிறு உருளையைச் சுழற்றியது. சைக்கிள் சக்கரம் ஒருமுறை சுற்றினால் அந்த உருளை முப்பது முறைக்கு மேல் சுற்றும். மெதுவான இறக்கை, வேகமான டைனமோ! வீட்டில் விளக்குகள் எரிந்தன, வானொலி பாடியது.

மெச்சத்தக்க வேலைதான். என்றாலும் சங்கிலியும் டயரும் உரசும் இழப்பு மென்காற்றில் கிடைக்கும் சொற்ப ஆற்றலில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். ஆகவே நாம் தேடவேண்டியது, இறக்கையின் அச்சிலேயே நேராகப் பொருத்தி, 240 சுற்றிலேயே போதிய வோல்ட் தரும் மோட்டார். அப்படி ஒன்று குப்பையில் கிடைக்குமா?

துணி துவைக்கும் இயந்திரம் தந்த விடை

கிடைத்தது; நியூசிலாந்தில். அந்நாட்டின் ஃபிஷர் அண்டு பேக்கல் நிறுவனம் 1991ஆம் ஆண்டில் ஒரு புதுமாதிரித் துணி துவைக்கும் இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதுவரை பொதுவாக வந்த இயந்திரங்களில் வேகமாக ஓடும் மோட்டாரும், வேகத்தைக் குறைக்கப் பெல்ட்டும் பல்சக்கரப் பெட்டியும் இருந்தன. புதிய இயந்திரத்தில் அவை எதுவும் இல்லை. துணிகளை மெதுவாக முன்னும் பின்னும் அலசுவதையும், வேகமாகச் சுழற்றிப் பிழிவதையும் ஒரே மோட்டார் நேராகத் தொட்டியின் அச்சில் இருந்தபடியே செய்தது. மெதுவாகச் சுழன்றும் வலுவாக இயங்கக்கூடிய மோட்டார் என்றால், நாம் தேடிய பொருள்தானே!

அதன் அமைப்பைப் பாருங்கள். நடுவில் அசையாமல் நிற்கும் வட்டத்தில் 42 இரும்புப் பற்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சுருள். அதைக் கவிந்து மூடியதுபோல் வெளியே சாப்பாட்டுத் தட்டை ஒத்த ஒரு சுழலி. அதன் உள்விளிம்பில் வடக்கும் தெற்குமாக மாறிமாறி 56 காந்தத் துருவங்கள். சுழலி ஒருமுறை சுற்றினால் ஒவ்வொரு சுருளின் முன்பும் 28 இணைத் துருவங்கள் கடந்து போகின்றன. 240 சுற்றில், அதாவது நொடிக்கு 4 சுற்றில், காந்தப்புலம் நொடிக்கு 112 முறை மாறிமாறி அலைகிறது. நான்கே துருவமுள்ள மோட்டாரில் அது 8 முறைதான் அலையும். காந்தப்புலம் எவ்வளவு விரைவாக மாறுகிறதோ அவ்வளவு வோல்ட் பிறக்கும் என்பது பாரடேயின் விதி. பல்சக்கரப் பெட்டி செய்யும் வேலையை இங்கே துருவங்களின் எண்ணிக்கையே உரசலின்றிச் செய்துவிடுகிறது.

இயந்திரங்கள் பழையனவாகி எறியப்படத் தொடங்கியதும், நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் ஒதுக்குப்புறப் பண்ணைகளில் வாழ்ந்தோர் அவற்றின் மோட்டாரை அச்சோடும் தாங்கியோடும் சேர்த்தே கழற்றிக் காற்றாலையாக்கினார்கள். கட்டுப்பாட்டு மின்சுற்று பழுதாகி இயந்திரம் குப்பைக்குப் போனாலும், மோட்டார் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

அப்படியே எடுத்து மாட்டிவிடலாமா? முடியாது. இரண்டு வேலைகள் பாக்கி இருந்தன.

முதலாவது வோல்ட் பற்றியது. இப்போது சிக்கல் தலைகீழாக மாறியது: வோல்ட் போதவில்லை என்பதல்ல, மிகையாக இருந்தது! வீட்டு மின்சாரத்தில் ஓடுவதற்காக, மூன்று தறுவாயில் ஒவ்வொன்றுக்கும் 14 சுருள்கள் வரிசையாக இணைக்கப்பட்டிருந்தன. சுமையின்றி வேகமாகச் சுழற்றினால், தொட்டவரைத் தூக்கி எறியும் அளவுக்கு அழுத்தம் எழும். இதை 12 வோல்ட் பாட்டரியில் இணைத்தால் என்ன ஆகும்? காற்று மெல்ல வீசும்போதே மின்னியற்றியின் அழுத்தம் பாட்டரியைத் தாண்ட முயலும். பாட்டரி அதைத் தன் அளவிலேயே பிடித்து நிறுத்தும். இறக்கை வேகமெடுக்க முடியாமல் முடங்கிவிடும். முடங்கிய இறக்கை காற்றிலிருந்து எதையும் சரியாக எடுப்பதில்லை. ஆகவே, வோல்ட் குறைந்தால் பயனில்லை, கூடினாலும் தொல்லை.

வழி எளிது. சுருள்களைப் புதிதாகக் கட்ட வேண்டியதில்லை; இணைப்பை மாற்றினால் போதும். 14 சுருள்களை இரண்டிரண்டாக வரிசையில் இணைத்து, அந்த ஏழு குழுக்களையும் பக்க இணைப்பில் சேர்த்தால், வோல்ட் ஏழில் ஒன்றாகக் குறையும். மின்னோட்டத்தைத் தாங்கும் திறன் ஏழு மடங்காகும். ஏழேழாக இணைத்து இரண்டு குழுவாக்கினால் வோல்ட் பாதியாகும். 12, 24, 48 வோல்ட் எதற்கு வேண்டுமோ அதற்கேற்பக் கத்தரித்துப் பற்றவைக்கலாம். 14 என்ற எண் இத்தனை தோதாக வகுபடுவது நல்லூழ்தான்.

இரண்டாவது, காந்தப் பிடிப்பு. அந்தச் சுழலியைக் கையால் சுற்றினால் கடகடவென்று தட்டித் தட்டிச் சுழலும். காந்தங்கள் இரும்புப் பற்களைப் பிடித்து விடாமல் இழுப்பதே காரணம். 42 பற்களும் 56 துருவங்களும் இருப்பதால் ஒரு சுற்றில் 168 இடங்களில் இப்படிப் பிடிக்கும். (42, 56 இவற்றின் மீச்சிறு பொது மடங்கைக் கண்டு பாருங்கள், பள்ளிக்கணக்கு இப்படியும் பயன்படுகிறது.) ஓடத் தொடங்கிய பிறகு இது பெரிதாகத் தெரியாது. ஆனால் நின்றிருக்கும் இறக்கைக்கு மென்காற்று தரும் உந்தல் மிகச் சிறியது. அந்த முதல் பிடியை விடுவிக்க அது போதாது. நல்ல காற்று வீசும்போதும் காற்றாலை சிலைபோல் நிற்கும். இரும்புப் பற்களின் ஓரங்களை அரத்தால் சாய்வாகத் தேய்த்துவிட்டால், காந்தம் ஒரு பல்லிலிருந்து அடுத்ததற்குத் திடீரெனத் தாவாமல் வழுக்கிச் செல்லும். பிடிப்பு வெகுவாகக் குறையும். சுருள்களில் இரும்புத்தூள் படியாமல் துணியால் மூடிக்கொண்டு, பொறுமையாக 42 பற்களையும் தேய்க்கவேண்டும். ஒரு நாள் வேலை.

பாட்டரி வரை செல்லும் வழி

மோட்டாரிலிருந்து மூன்று கம்பிகள் வழியே வருவது மாறுதிசை மின்னோட்டம். ஆறு டயோடுகள் கொண்ட பாலம் அதை நேர்திசை மின்னோட்டமாக மாற்றிப் பாட்டரிக்கு அனுப்பும். பாட்டரியிலிருந்து மின்சாரம் திரும்பிப் பாய்ந்து காற்றாலையை விசிறியாக ஓட்டிவிடாமல் காப்பதும் இந்த டயோடுகளே.

கம்பியின் கனத்தில் கஞ்சத்தனம் கூடாது. கம்பம் வீட்டிலிருந்து 30 மீட்டர் தள்ளி இருக்கிறது, 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக்கம்பி இழுத்திருக்கிறீர்கள் என்று கொள்வோம். போக வர 60 மீட்டர் கம்பியின் தடை சுமார் 0.42 ஓம். 4 ஆம்பியர் பாயும்போது கம்பியில் வீணாவது 7 வாட், பரவாயில்லை. பலத்த காற்றில் 15 ஆம்பியர் பாயும்போது வீணாவது 90 வாட்டுக்கு மேல்! வந்ததில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கம்பியைச் சூடாக்கியே போய்விடும். 24 வோல்ட் பாட்டரி வைத்தால் அதே ஆற்றலுக்கு மின்னோட்டம் பாதியாகும், இழப்பு கால்வாசியாகும். தூரம் அதிகமுள்ள இடத்தில் 12 வோல்ட்டைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள்.

பாட்டரியின் முனைக்கு அருகிலேயே ஃபியூஸ் வேண்டும். ஈய அமிலப் பாட்டரி மின்னேறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். படுக்கையறையில் வைக்கக் கூடாது, பக்கத்தில் தீக்குச்சி கிழிக்கக் கூடாது.

காற்று கூடும்போது

இதுவரை சொன்னது மின்சாரம் வராமல் போவதைப் பற்றி. அளவுக்கு மீறி வருவதே உண்மையான ஆபத்து. காற்றின் வேகம் இரு மடங்கானால் ஆற்றல் எட்டு மடங்கு. நான்கு மடங்கானால் 64 மடங்கு. நொடிக்கு 5 மீட்டர் காற்றில் 235 வாட் இருந்த அதே வட்டத்தில், நொடிக்கு 20 மீட்டர் வீசும் புயற்காற்றில் 15,000 வாட் இருக்கும். துணி துவைக்கச் செய்த மோட்டாரால் அதைத் தாங்க இயலாது.

இதற்குப் பழங்காலத்திலிருந்தே ஒரு நல்ல உபாயம் உண்டு. இறக்கைச் சக்கரத்தைக் கம்பத்தின் அச்சுக்கு நேராக வைக்காமல் ஒரு பக்கம் சில அங்குலம் தள்ளி வைப்பார்கள். வாலைச் சாய்வான கீலில் மாட்டுவார்கள். காற்று அளவோடு வீசும்போது வால் தன் எடையால் சக்கரத்தைக் காற்றுக்கு நேராக வைத்திருக்கும். காற்று மிஞ்சினால் சக்கரத்தின் மேல் விழும் தள்ளல் வாலின் எடையை வென்று, சக்கரத்தைப் பக்கவாட்டில் திருப்பிவிடும். காற்று தணிந்ததும் வால் சரிந்து இறங்கிப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். மோட்டாரும் வேண்டாம், மின்னணுச் சுற்றும் வேண்டாம். ஒரு கீல் போதும். என் கருத்தில், வீட்டுக் காற்றாலை முழுவதிலும் அழகான பகுதி இந்த வால்தான்.

ஓடும் காற்றாலையைப் பாட்டரியிலிருந்து ஒருபோதும் துண்டிக்காதீர்கள். சுமை போனவுடன் இறக்கையைத் தடுக்க எதுவுமில்லை. வேகம் ஏறிக்கொண்டே போய் இறக்கை பிய்த்துக்கொண்டு பறக்கும். பாட்டரி நிறைந்துவிட்டால் மிகுந்த மின்சாரத்தை ஒரு சூடேற்றும் கம்பிச் சுருளுக்குத் திருப்பிவிடும் கட்டுப்பாட்டுக் கருவி வேண்டும். நிறுத்த விரும்பினால், மூன்று கம்பிகளையும் ஒன்றாக இணைக்கும் ஒரு சுவிட்சு வைக்கலாம். முறுக்கிய கம்பிச் சோதனையில் கையைத் தடுத்ததே, அதே விசை இறக்கையையும் தடுக்கும். ஆனால் இதைக் காற்று மெதுவாக இருக்கும்போதே போட்டுவிட வேண்டும். புயலுக்கு நடுவே போட்டால் சுருள் எரிந்துபோகலாம். புயல் அறிவிப்பு வந்தால், கம்பத்தைக் கீலோடு சாய்த்துத் தரையில் கிடத்திவிடுவதே மேல். நடும்போதே அப்படிச் சாயும் கம்பமாக நடுங்கள். பழுது பார்க்க யாரும் மேலே ஏறவும் தேவையிராது.

வீட்டுக் கூரையில் நடலாமா என்று பலரும் கேட்பார்கள். கூடாது. கூரைக்கு மேல் காற்று சுழித்துச் சுழித்து வரும். இறக்கை திசை தெரியாமல் தடுமாறும். அதிர்வு முழுவதும் சுவரில் இறங்கி வீட்டாரின் தூக்கத்தைக் கெடுக்கும். சுற்றிலும் 100, 150 மீட்டருக்குள் இருக்கும் மரம், கட்டடம் எல்லாவற்றையும்விட ஒன்பது பத்து மீட்டராவது உயரமாக இறக்கை நிற்கவேண்டும். காற்றின் வேகம் 4 மீட்டரிலிருந்து 5 மீட்டராகக் கூடினால் ஆற்றல் 64க்கு 125, ஏறத்தாழ இரட்டிப்பு. ஆகவே கம்பத்தில் கூட்டும் சில மீட்டர்கள், மோட்டாரில் செய்யும் எந்த நுணுக்கத்தையும்விட அதிகம் தரும். கம்பத்துக்கு மண்ணிணைப்புக் கொடுப்பதை மறக்கவேண்டாம்.

இவ்வளவும் செய்தால் என்ன கிடைக்கும்? நாள் முழுதும் நொடிக்கு 5 மீட்டர் காற்று ஒரே சீராக வீசினால், 50 வாட் வீதம் ஒரு நாளுக்கு 1.2 யூனிட். அப்படிச் சீராகக் காற்று வீசும் ஊர்கள் குறைவு. கட்டடங்கள் நெருங்கிய நகரத்தில் அதில் கால்வாசிகூடக் கிடைக்காது. சில எல்.இ.டி. விளக்குகள், ஒரு வானொலி, கைப்பேசிக்கு மின்னேற்றம் இவற்றுக்குப் போதும். குளிர்ப்பெட்டியும் இஸ்திரிப் பெட்டியும் ஓடும் என்று எண்ணவேண்டாம். பணக்கணக்கு மட்டும் பார்த்தால், வெயில் நிறைந்த ஊரில் இன்று ஒரு சூரியத் தகடு வாங்குவதே மலிவு. மேகமூட்டத்தோடு காற்றும் சேர்ந்து வரும் பருவத்தில், தகடு சோரும்போது காற்றாலை கைகொடுக்கும். அங்கேதான் அதற்கு மதிப்பு.

நியூசிலாந்து மலைப்பகுதிகளில் இதே துவைக்கும் மோட்டாரைக் காற்றைவிடச் சிற்றோடைகளில் நன்றாகப் பயன்படுத்துகிறார்கள். உயரத்திலிருந்து குழாய்வழி இறங்கும் நீர், பெல்ட்டன் சக்கரத்தில் பீறிட்டு மோட்டாரைச் சுழற்றுகிறது. ஓடையில் நீர் உள்ளவரை இரவும் பகலும் ஒரே வேகம்; புயல் பயமும் இல்லை. ஓடை இருப்பவர்கள் கம்பம் நடும் எண்ணத்தையே விட்டுவிடலாம்.

நம் ஊரில் அந்தத் துவைக்கும் இயந்திரத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. அண்மை ஆண்டுகளில் வீடுதோறும் வந்துகொண்டிருக்கும் பி.எல்.டி.சி. கூரை விசிறியைப் பாருங்கள். பழைய விசிறி 70, 75 வாட் எடுத்த இடத்தில் 30 வாட் அளவே எடுக்கும் இந்த விசிறியில் இருப்பதும் அதே அமைப்புத்தான்: நடுவில் அசையாத சுருள்கள், வெளியே சுழலும் நிலைக்காந்த வளையம், பெல்ட்டும் இல்லை, பல்சக்கரமும் இல்லை. அதன் இயல்பான வேகமே நிமிடத்துக்கு 350 சுற்று அளவுதான். நம் 240க்கு வெகு அருகில். பெரும்பாலும் கெட்டுப்போவது அதற்குள் இருக்கும் மின்னணுத் தகடு. மோட்டார் கெடுவது அரிது. தகட்டில் மின்தேக்கிகள் இருக்கும். இணைப்பைத் துண்டித்த பிறகும் சற்று நேரம் அவற்றில் மின்சாரம் தேங்கி நிற்குமாதலால், பொறுத்திருந்து கழற்றவேண்டும். பிறகு சுருளிலிருந்து வரும் மூன்று கம்பிகளை வெளியே கொண்டுவந்து, கையால் சுழற்றி, அளவுமானியில் எத்தனை வோல்ட் வருகிறது, அப்போது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று குறித்துக்கொள்ளுங்கள். விசிறிக்கு விசிறி இது மாறும். கம்பியை வெறுங்கையால் தொடாதீர்கள். சிலவற்றில் அழுத்தம் அதிகமாகவே எழும்.

அது முப்பது வாட் மோட்டார் என்பதால் ஒரு மீட்டர் சக்கரத்துக்கு மேல் அதில் மாட்டக் கூடாது. மாடத்து விளக்கு ஒன்றுக்கும் கைப்பேசிக்கும் அது போதும். அடுத்த முறை பழைய சாமான் கடைப் பக்கம் போனால், குவியலில் கிடக்கும் விசிறிகளில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று பார்த்து, கடைக்காரரிடம் கேட்டு, மூன்று கம்பிகளையும் சேர்த்து முறுக்கிவிட்டுச் சுற்றிப் பாருங்கள்.